பத்து நிமிஷமுங்க

நோன்பு மாதத்தின் கடைசி ஞாயிற்றுக்கிழமைக்கு மேஜை கேட்டு கிருபா மூன்று முறை போன் செய்தாள். மூன்று முறையும் எடுத்தது அஃப்ஷீன்தான்.

ஆர்.எஸ்.புரத்தில் ஒரு பட்டுச்சேலைக் கடைக்கு மேலே, முதல் மாடியில் இருந்தது அந்த ரெஸ்டாரண்ட். படிக்கட்டு ஏறி முடியும் இடத்தில், கண்ணாடிக் கதவுக்கு வெளியே ஒரு உயரமான சின்ன மேஜை. அதன் பின்னால் நின்றபடி போனில் முன்பதிவு எழுதுவதும், வருகிறவர்களைப் பெயர் கேட்டு உள்ளே அனுப்புவதும் அஃப்ஷீனுக்கு வேலை. இரண்டு வருடமாகச் செய்கிறாள்.

"எங்களுக்கு இதெல்லாம் பழக்கமில்லீங்க," என்றாள் கிருபா முதல் தடவை. "புக் பண்ணுனா டேபிள் கண்டிப்பா இருக்குமுங்களா?"

"இருக்குமுங்க. எத்தன பேருங்க?"

"ஆறு பேருங்க. நானு, எங்கப்பா. அப்புறம் ஒரு பாய், அவங்க ஊட்டுக்காரம்மா, ரெண்டு கொழந்தைங்க. அவங்க நோன்பு. நாங்க கிறிஸ்டியனுங்க. நாங்க உக்காந்தா ஒண்ணும் சொல்ல மாட்டாங்கல்லங்க?"

"யாரு வேணும்னாலும் வரலாமுங்க," என்று அஃப்ஷீன் சிரித்தாள்.

இரண்டாவது தடவை பேசும்போது கிருபா காரணத்தைச் சொல்லிவிட்டாள். அவளுடைய அப்பா பிரான்சிஸ் சத்தியமங்கலம் பக்கம் வாழைத் தோட்டத்தில் கூலிக்குப் போகிறவர். கார்த்திகையில் ஒருநாள் காலையில் சாலையோரம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்துவிட்டார். அந்த வழியாக வாழைத்தார் ஏற்றிக்கொண்டு வந்த டெம்போ டிரைவர் அமீர் ஹம்சா, முன்பின் தெரியாத ஆளைத் தூக்கி முன் சீட்டில் படுக்க வைத்து, எங்கும் நிறுத்தாமல் கோயம்புத்தூர் ஆஸ்பத்திரிக்கு ஓட்டி வந்தார். மில்லில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் கிருபா சேதி கேட்டு வந்து சேர மாலையாகிவிட்டது. அதுவரை அவர் அங்கேயே உட்கார்ந்திருந்தார். வண்டியில் இருந்த தார் அத்தனையும் மார்க்கெட்டைத் தவறவிட்டு வாடியது.

"காசு குடுத்தா வாங்க மாட்டேன்னுட்டாருங்க. அதான் அப்பா, ஒருநாளாச்சும் நல்ல எடமாக் கூட்டிட்டுப் போயி அவங்களுக்கு நோன்பு தொறக்க வெக்கோணுங்கறாரு."

அஃப்ஷீனுக்கு அந்தக் குரல் பிடித்துப்போயிற்று. மூன்றாவது தடவை கிருபா உறுதிப்படுத்திக்கொள்ள அழைத்தபோது, யாருக்கும் சொல்லாத ஒன்றைச் சொன்னாள். "எம் பேரு அஃப்ஷீனுங்க. வந்து எம் பேரச் சொல்லுங்க. நானே உங்களக் கூட்டிட்டுப் போயி உக்கார வெக்கறேன்."

போனை வைத்துவிட்டு நோட்டைப் புரட்டினாள். உள்ளே இருந்தது இருபத்திரண்டு மேஜைதான். அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு நோட்டில் இருந்ததோ முப்பத்து நான்கு பெயர்.

அது முதலாளி நிஜாமின் கணக்கு. "பத்துப் பேரு வர மாட்டாங்க கண்ணு, நீ எழுது," என்பார். மற்ற மாதங்களில் அது பெரும்பாலும் சரியாகவே வந்தது. மீறி வந்தவர்களிடம் அஃப்ஷீன் "பத்து நிமிஷமுங்க" என்பாள். பத்து அரை மணியாகும், முக்கால் மணியாகும். ஜனங்கள் முணுமுணுத்தபடி நிற்பார்கள். கடைசியில் மேஜை கிடைத்துவிடும். பிரியாணி வந்ததும் மறந்துவிடுவார்கள்.

நோன்பு மாதம் அப்படியல்ல. எல்லோரும் ஒரே நேரத்துக்கு வருவார்கள். பாங்கு சொல்லும்போது கையில் பேரீச்சம்பழத்தோடு உட்கார்ந்திருக்க வேண்டும். பாங்கு பத்து நிமிஷம் தள்ளி வராது. அவள் இதை நிஜாமிடம் சொல்லிப் பார்த்தாள்.

"போன வாரம் சமாளிக்கலயா? அல்லா பார்த்துக்குவான், எழுது."

அவரிடம் அதற்கு மேல் பேச அவளால் முடியாது. நிஜாம் அவளுடைய அம்மாவுக்குப் பெரியம்மா மகன், அஃப்ஷீனுக்கு மாமா. அத்தா இறந்த அந்த வாரத்திலேயே உக்கடத்தில் இருக்கும் தன் வீட்டு மாடியைக் காலி செய்து அம்மாவையும் அவளையும் குடி வைத்தவர். வாடகை என்ற பேச்சே எடுத்ததில்லை. பெருநாளைக்குத் தன் மகள்களுக்கு எடுக்கும் துணியிலேயே அவளுக்கும் எடுப்பார். அவர் கெட்டவராக இருந்திருந்தால் அவளுக்கு எளிதாக இருந்திருக்கும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்தரைக்கே படிக்கட்டில் ஆட்கள் நிற்க ஆரம்பித்துவிட்டார்கள். நோன்பு திறக்கும் நேரம் ஆறு முப்பத்து மூன்று. ஐந்தே முக்காலுக்குள் பன்னிரண்டு மேஜை நிறைந்தது. அப்போது கீழே இரண்டு பெரிய கார்கள் வந்து நின்றன. நகரத்தில் மூன்று கல்யாண மண்டபம் வைத்திருப்பவர், குடும்பத்தோடு பன்னிரண்டு பேராகப் படியேறி வந்தார். நோட்டில் அவர் பெயர் இல்லை. நிஜாமே கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்து, இரண்டு கைகளாலும் அவர் கையைப் பற்றி உள்ளே கூட்டிப்போனார்.

கொஞ்ச நேரத்தில் மேனேஜர் ஸ்ரீனிவாஸ் கதவிடுக்கில் தலையை நீட்டினார். "பதிமூணு, பதினாலு, பதினஞ்சு மூணையும் ஒண்ணாப் போட்டாச்சுங்க. அந்தப் பேரெல்லாம் வெயிட்டிங்ல வெச்சுக்கோங்க."

பதினான்கில் கிருபாவின் பெயர் இருந்தது.

"சார், அவங்க மூணு தடவ போன் பண்ணுனவங்க."

"எனக்கென்னங்க தெரியும்? மொதலாளி சொல்றாரு." கதவு மூடிக்கொண்டது.

ஐந்து ஐம்பதுக்கு கிருபா வந்தாள். "பாத்து ஏறுங்கப்பா" என்ற குரலை வைத்தே அஃப்ஷீன் அடையாளம் கண்டாள். மெலிந்த உடம்பு, மாம்பழ மஞ்சளில் சுடிதார். பின்னால் ஒவ்வொரு படியிலும் நின்று மூச்சு வாங்கியபடி பிரான்சிஸ் ஏறினார். புது வெள்ளைச் சட்டையில் கடையில் மடித்த மடிப்பு அப்படியே இருந்தது. அவருடைய முழங்கையைப் பிடித்தபடி வந்த தாடிக்காரர் அமீர் ஹம்சாவாக இருக்க வேண்டும். கடைசியாக அவர் மனைவி உம்மல் குல்சும், இரண்டு பெண் பிள்ளைகளுடன். மேலே போட்டிருந்த நான்கு நாற்காலிகளும் நிறைந்திருந்தன. ஆறு பேரும் படியிலேயே நிற்க வேண்டியதாயிற்று.

கிருபா மேஜைக்கு வர வழியில்லாமல் கூட்டம் நெருக்கியது. "பேரு சொல்லிக் கூப்பிடுவோமுங்க, பத்து நிமிஷமுங்க," என்று அஃப்ஷீன் பொதுவாகச் சொன்னாள். குரல் வறண்டிருந்தது. அவளுக்கும் நோன்புதான்.

ஆறு பத்து ஆயிற்று. படிக்கட்டில் இப்போது ஐம்பது பேராவது இருப்பார்கள். கீழ்ப்படியில் ஒரு குழந்தை விடாமல் அழுதது. கண்ணாடிக்கு உள்ளே கஞ்சிக் கிண்ணங்கள் வைக்கப்பட்டுக்கொண்டிருந்தன. வெளியே புழுங்கியது. முன்னால் மேஜை, பின்னால் கதவு, இரண்டு பக்கமும் சுவர். கூட்டம் முன்னுக்கு வர வர மேஜையின் விளிம்பு அவள் இடுப்பில் அழுத்தியது. அவள் நகர இடமில்லை.

ஆறு பதினைந்துக்கு ஸ்ரீனிவாஸை இரண்டு நிமிடம் அங்கே நிற்கச் சொல்லிவிட்டு உள்ளே ஓடினாள். நிஜாம் மண்டபக்காரர் மேஜையருகே நின்றுகொண்டிருந்தார். அவரைத் தனியே அழைத்தாள்.

"மாமா, வெளிய பன்னெண்டு புக்கிங் நிக்குது. ஒரே ஒரு மேஜ குடுங்க. ஆறு பேரு. ஒரு பெரியவருக்கு ஹார்ட்டு சரியில்ல."

"எங்கிருந்து குடுக்கறது? இவங்கள எழுப்பச் சொல்றியா?"

"நான் வாக்குக் குடுத்துட்டேன் மாமா."

நிஜாம் அவள் தலையில் கை வைத்தார். கோபமே இல்லை. "கண்ணு, எல்லாத்துக்கும் மனசு எளகுனா யாவாரம் பண்ண முடியாது. புக்கிங் சிஸ்டத்துல ஏறலைன்னு சொல்லிரு. தகராறு பண்ண மாட்டாங்க. பேரீச்சம்பழமும் தண்ணியும் படிக்கட்டுக்கு அனுப்பறேன். நோன்பாளிய வெறுங்கையோட நிறுத்த மாட்டேன், பயப்படாத."

அவள் திரும்பி வந்தபோது கிருபா கூட்டத்தைப் பிளந்துகொண்டு மேஜைக்கு முன்னால் வந்து நின்றிருந்தாள். அஃப்ஷீனுக்குப் பின்னால் கதவைப் பிடித்தபடி நிஜாம்.

"ஏனுங்க, கிருபான்னு ஆறு பேருக்குச் சொல்லியிருந்தனுங்க. மூணு வாரத்துக்கு முன்னாடியே."

அஃப்ஷீன் நோட்டைப் பார்த்தாள். அவளுடைய கையெழுத்திலேயே இருந்தது: கிருபா, 6, சத்தி. பெயருக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரம் கூடப் போட்டிருந்தாள்.

"உங்க பேர்ல புக்கிங் காட்டலீங்க."

"இல்லீங்களே. அஃப்ஷீன்னு ஒருத்தங்க பேசுனாங்க. அவங்க பேரச் சொல்லச் சொன்னாங்க. அவங்களக் கொஞ்சம் கூப்பிடறீங்களா?"

பெயர் எழுதிய பட்டை அஃப்ஷீனின் இடது தோளுக்குக் கீழே குத்தியிருந்தது. கை தானாகவே துப்பட்டாவை இழுத்து அதை மூடியது.

"அவங்க இன்னைக்கு லீவுங்க."

கிருபாவின் முகத்தில் கோபம் வரும் என்று எதிர்பார்த்தாள். வரவில்லை. "அப்படிங்களா," என்று மட்டும் சொன்னாள் கிருபா. பிறகு திரும்பி, தன் அப்பாவிடம் தணிந்த குரலில், "அந்தப் பொண்ணு இன்னைக்கு வரலியாமாப்பா. அவங்க இருந்திருந்தா இப்படி ஆகியிருக்காது," என்றாள்.

பின்னால் கதவு மூடும் சத்தம் கேட்டது. நிஜாம் உள்ளே போய்விட்டார்.

ஆறரைக்குத் தட்டில் பேரீச்சம்பழமும் சின்னத் தண்ணீர் பாட்டில்களும் வந்தன. கையோடு கை மாறி அவை படிக்கட்டில் இறங்கின. எல்லோரும் செல்போனில் நேரத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். உள்ளே ஒலிபெருக்கியில் பாங்கு தொடங்கியது. சுவரில் சாய்ந்தபடி, ஒரு காலை மேல்படியிலும் ஒரு காலைக் கீழ்ப்படியிலும் வைத்து நின்ற அமீர் ஹம்சா, பழத்தை வாயில் இட்டுக்கொண்டார். உம்மல் குல்சும் பிள்ளைகளுக்குத் தண்ணீர் திறந்து கொடுத்தாள். பிரான்சிஸ் தனக்கு வந்த பழத்தைக் கையிலேயே வைத்துக்கொண்டு, அவர்களைப் பார்க்க மாட்டாமல் தரையைப் பார்த்தார்.

"பாய், மன்னிச்சுக்கோங்க," என்றார்.

"ஏனுங்கண்ணா, இதுல என்னங்க இருக்குது? நோன்பு தொறந்தாச்சு. நீங்களும் வாயில போடுங்க."

"உங்கள நிக்க வெச்சுப்போட்டேன்."

"நீங்களுந்தான நிக்கறீங்க."

அமீர் ஹம்சா அவருடைய தோளில் கைபோட்டு மெதுவாகத் திருப்பினார். ஆறு பேரும் கூட்டத்துக்குள் ஒதுங்கி ஒதுங்கிக் கீழே இறங்கினார்கள். மாம்பழ மஞ்சள் கண்ணிலிருந்து மறையும்வரை அஃப்ஷீன் பார்த்துக்கொண்டிருந்தாள். கூப்பிட்டால் அது அவர்கள் காதில் விழுந்திருக்கும். கூப்பிடவில்லை. அவள் கையிலிருந்த பழமும் அப்படியே இருந்தது.

ஸ்ரீனிவாஸ் வெளியே வந்தார். "ஏனுங்க, நோன்பு தொறக்கலயா? மொகமெல்லாம் வெளுத்துக் கெடக்குது."

"சார், அஞ்சு நிமிஷம் பாத்துக்கோங்க."

பதிலுக்குக் காத்திராமல் மேஜையை ஒரு பக்கமாகத் தள்ளிக்கொண்டு இறங்கினாள். "எங்கம்மா போற?" "எங்களுக்கு எப்பக் கெடைக்கும்?" என்று ஒவ்வொரு படியிலும் குரல். துப்பட்டா யாரோ ஒருவர் பையில் மாட்டி இழுபட்டது. அவிழ்த்துக்கொண்டு இறங்கினாள்.

தெருவில் கார்களும் ஸ்கூட்டர்களும் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. சேலைக்கடைக்கு நாலு கடை தள்ளி ஒரு பழைய டெம்போ நின்றது. பின்பலகையைத் தாழ்த்தி அதில் பிரான்சிஸை உட்கார வைத்திருந்தார்கள். பிள்ளைகள் இருவரும் அவருக்கு இரு பக்கமும். அமீர் ஹம்சா தொழுகைக்குப் பள்ளிவாசல் போயிருந்தார். கிருபா போனில் யாரிடமோ, "ஆறு பேருங்க… ஃபுல்லுங்களா… சரிங்க," என்று சொல்லிவிட்டு அடுத்த எண்ணைத் தேடிக்கொண்டிருந்தாள்.

அஃப்ஷீன் அவள் முன்னால் போய் நின்றாள்.

"நான்தானுங்க அஃப்ஷீன்."

கிருபா ஒரு கணம் புரியாமல் பார்த்தாள். பிறகு அவளுடைய பார்வை பெயர்ப்பட்டைக்குப் போய்த் திரும்பி முகத்துக்கு வந்தது.

"அப்ப மேல ஏனுங்க அப்படிச் சொன்னீங்க?"

"உங்க பேரு நோட்டுல இருந்துச்சுங்க. மேஜைய வேற ஆளுக்குக் குடுத்துட்டாங்க. இல்லைன்னு சொல்லச் சொன்னாங்க. நான்… பயந்துட்டனுங்க."

"எங்கப்பா இதுக்காக மூணு வாரமா ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சாரு, தெரியுங்களா?" கிருபாவின் குரல் இப்போதுதான் உடைந்தது. "இல்லைன்னு போனுலயே சொல்லியிருந்தா ஊட்டுலயே ஆக்கிப் போட்டிருப்போமுங்க. நீங்க வாங்கன்னு சொன்னதாலதான வந்தோம்?"

"நான் உள்ள போயி ஏதாச்சும் பார்சல்…"

"வேண்டாமுங்க."

கிருபா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிரான்சிஸ் டெம்போவில் இருந்தபடியே, "அம்மணி, இங்க வா," என்று அழைத்தார். அஃப்ஷீன் பக்கத்தில் போனாள்.

"எங்களுக்கு வெளிய நிக்கறது புதுசில்ல கண்ணு. எங்கப்பன் காலமெல்லாம் தோட்டக்காரங்க வாசல்ல நின்னாரு, நானும் நின்னிருக்கறேன். இன்னைக்கு அவங்களையும் நிக்க வெச்சுப்போட்டனேன்னுதான் மனசு ஆறல. நீ போ. போயி வேலையப் பாரு. இதுக்குன்னு இருக்கற வேலையும் போயிரப் போவுது."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். உம்மல் குல்சும் அவள் கையிலிருந்த பழத்தைப் பார்த்துவிட்டாள்.

"நீ இன்னும் நோன்பே தொறக்கலயாம்மா?"

தன் பாட்டிலில் மிச்சமிருந்த தண்ணீரை நீட்டினாள். அஃப்ஷீன் தெருவோரம் நின்று பழத்தைத் தின்று, தண்ணீரைக் குடித்தாள். கிருபா திரும்பிப் பார்க்கவேயில்லை.

மீண்டும் படியேறியபோது பாதி வழியில் ஒருவர் அவளை மறித்தார். தோளில் தூங்கும் குழந்தை. "எத்தன நேரமுங்க இன்னும்?"

"பத்து…" என்று தொடங்கிவிட்டாள். பிறகு நிறுத்தினாள். படிக்கட்டில் இருந்த அத்தனை முகங்களும் அவள் பக்கம் திரும்பின.

"மேஜை இருபத்திரண்டுதானுங்க இருக்குது," என்றாள். "நாங்க முப்பத்து நாலு புக்கிங் எழுதியிருக்கறோம். உங்க பேரெல்லாம் நோட்டுல இருக்குது. மேஜதான் இல்ல. எட்டு மணிக்கு முன்னாடி ஒண்ணுகூடக் காலியாகாதுங்க. கொழந்தைங்க வெச்சிருக்கறவங்க, ஒடம்புக்கு முடியாதவங்க நிக்காதீங்க. வேற எடம் பாத்துக்கோங்க."

எல்லாக் குரலும் ஒன்றாக எழுந்தது. "இத அப்பவே சொல்றதுக்கென்ன?" "ஓனரக் கூப்பிடு!" ஒருவர் அவளைப் பார்த்துக் கெட்ட வார்த்தை சொன்னார். குழந்தையோடு நின்றவர் மட்டும், "சொன்னீங்களே, அதுக்கே நன்றிங்க," என்று இறங்கிப்போனார். மேலே கண்ணாடிக் கதவு திறந்தது. நிஜாம் நின்றார். ஜனங்களுக்குக் காட்டும் சிரிப்பு அவர் முகத்தில் அப்படியே இருந்தது. கண்கள் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தன.

மறுநாள் காலை அவர் மாடிக்கு வந்தார். அம்மா பதறிப்போய் நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். அவர் உட்காரவில்லை.

"வெளிய இருந்து வந்த பொண்ணா இருந்தா நேத்தே கணக்கு முடிச்சிருப்பேன். நீ நம்ம புள்ள. உன்ன எப்படி அனுப்புவேன்? இனிமே பார்சல் செக்‌ஷன்ல நில்லு. ஆளுங்ககிட்டப் பேச வேண்டாம்."

அவர் போனதும் அம்மா சுவரோடு சாய்ந்து உட்கார்ந்தாள். "அவரு போட்ட சோத்தத் தின்னுகிட்டு, அவரு படிக்கட்டுலயே நின்னு அவர அசிங்கப்படுத்துவியா?"

அன்றே அஃப்ஷீன் வேலைக்குக் கிளம்பினாள். பார்சல் அறை சமையற்கட்டுக்குப் பின்னால், ஜன்னலே இல்லாமல் இருந்தது. அங்கே மூன்று நாள் பெட்டிகளுக்கு மூடி போட்டாள். வெளியே புதிதாக ஒரு பெண் போனில், "கண்டிப்பா இருக்குமுங்க," என்று சொல்வது அடிக்கடி கேட்டது. பெருநாளைக்கு மாமா எடுத்த துணியை உடுத்திக்கொண்டு, கீழே அவர் வீட்டில் எல்லோரோடும் உட்கார்ந்து சாப்பிட்டாள். அவர் தன் கையாலேயே அவளுக்குக் கறி அள்ளி வைத்தார். அவளுக்கு இறங்கவில்லை. ஆனாலும் தட்டில் மிச்சம் வைக்காமல் தின்றாள்.

அன்று மதியம் கிருபாவுக்குப் போன் செய்தாள். எடுக்கமாட்டாள் என்று நினைத்தாள், எடுத்தாள்.

"அன்னைக்கு அன்னூர்ல ஒரு மெஸ்ஸுல சாப்பிட்டமுங்க," என்றாள் கிருபா. குரலில் பழைய நெருக்கம் இல்லை, வெறுப்பும் இல்லை. "அப்பா வழியெல்லாம் ஒண்ணும் பேசல. இன்னைக்கு அவங்க ஊட்டுக்குப் பிரியாணிக்குக் கூப்பிட்டாங்க. அப்பா வர மாட்டேன்னுட்டாரு. மொதல்ல நாமதான் அவங்களுக்குச் சோறு போடோணும், அதுக்கப்புறந்தான் அங்க கை நனைப்பேங்கறாரு."

"அப்புறம்?"

"வர்ற ஞாயித்துக்கெழம எங்க ஊட்டுக்கு வராங்க. நானேதான் ஆக்கறேன்." கொஞ்சம் தயங்கினாள். "உங்களுக்கு வேல போயிருச்சுங்களா?"

"இல்லீங்க. போகல."

"நல்லதுங்க," என்றாள் கிருபா. போனை வைத்துவிட்டாள்.

அஃப்ஷீன் அம்மாவிடம் போனாள். வேறு வேலை தேடப் போவதாகவும், வேறு வீடு பார்த்துக்கொள்ளலாம் என்றும் சொன்னாள். அம்மா அவளை ஏறிட்டுப் பார்க்காமல் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். அன்றும் பேசவில்லை, மறுநாளும் பேசவில்லை. கீழே மாமாவின் குரல் கேட்கும்போதெல்லாம் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

மூன்றாம் நாள் அஃப்ஷீன் வேலைக்குக் கிளம்பிச் செருப்பு மாட்டும்போது, அம்மா உள்ளே இருந்து கேட்டாள்:

"கரும்புக்கடைப் பக்கம் வாடகைக்கு ஊடெல்லாம் கெடைக்குமாடி?"

"தெரியலம்மா. விசாரிக்கிறேன்."

"மாமாவுக்குத் தெரியாம விசாரி," என்றாள் அம்மா.